ஏணிக்கு அடியில்

"கப்பல்ல என்னடா பெரிய கெர்ஜா, பெரிய வேலை உனக்கு? சும்மா கடலைச் சுத்திட்டு வர்றதுதானே?"

லீவுல தோட்டத்துக்கு வந்தா கடைப் பக்கம் யாராவது ஒருத்தர் இப்படிக் கேக்காம இருக்க மாட்டாங்க. எனக்குக் கோபம் மூக்கு நுனியில. "நீ ஒரு நாள் வந்து ஐஸ் கிடங்குல இறங்கிப் பாரு, அப்புறம் பேசு லா"ன்னு எகிறுவேன். எழுபத்தஞ்சாம் வருஷத்துக்கு அப்புறம் எகிறுறதை விட்டுட்டேன். அந்தப் பழைய கப்பல் வேலையைப் பத்தி இப்ப எவன் கேட்டாலும் ஆமாம்ப்பா, சும்மாதான்னு சொல்லிட்டு நகர்ந்துடுறேன்.

என் பேரு பெர்னார்ட். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, பொறந்தவன். அப்பா கடைசி வரைக்கும் பால் வெட்டினார். நான் படிவம் மூணு வரைக்கும் படிச்சுட்டு, எப்படியோ நேவியில நுழைஞ்சுட்டேன். எங்க ரோந்துக் கப்பல் லங்காவிக்கும் பினாங்குக்கும் நடுவுல சுத்தும். நாலு வருஷமா அதுல எனக்கு ஒரே வேலை, படகுங்களைச் சோதனை போடுறது.

அதுக்கு ஒரு முறை இருக்கு. கண்டபடி தாவி ஏறுற சங்கதி இல்ல. தூரத்துலயே ஒலிபெருக்கியில நில்லுன்னு சொல்லுவோம். எஞ்சின் அடங்கினதும் படகு ஆளுங்க அத்தனை பேரும் முன்பக்கம் வந்து, கை வெளியே தெரியிற மாதிரி உக்காரணும். நாங்க அஞ்சு பேர் ரப்பர் படகுல பின்பக்கமா போய் ஏறுவோம். ஒருத்தன் ரப்பர் படகுலயே இருப்பான். ரெண்டு பேர் ஆளுங்களுக்குக் காவல். மிச்சம் அதிகாரியும் தேடுறவனும். படகோட்டி எங்க கூடவே வரணும். ஒவ்வொரு மூடியையும் அவன் கையாலதான் திறக்கணும். அப்பதான் பின்னாடி அதை ஒடச்சான் இதை எடுத்தான்னு பேச்சு வராது. முன்பக்கத்துல ஆரம்பிச்சு பின்பக்கம் வரைக்கும் தேடிக்கிட்டே வரணும். எல்லாம் முடிஞ்சா ஒரு காகிதம். 'சோதனை போட்டாச்சு, ஒண்ணும் இல்ல'ன்னு அதுல தேடுனவனும் படகோட்டியும் கையெழுத்துப் போடுவாங்க. அந்தக் காகிதம் இருந்தா கரை வரைக்கும் வேற எவனும் அந்தப் படகைத் தொட மாட்டான்.

மீன் படகுல சோதனையே ஐஸ் கிடங்குலதான். மூணடி ஆழத்துக்குப் பொடி ஐஸ், நடுவுல மீன். அதுக்குன்னு எங்ககிட்ட ஒரு இரும்புக் கம்பி உண்டு. முனை கூரா இருக்கும், தலையில குறுக்கா ஒரு பிடி. கம்பியை ஐஸுக்குள்ள விட்டு அழுத்தினா அடிப்பலகையில முட்டி 'டொக்'னு சத்தம் வரணும். சத்தம் வந்தா அந்த இடம் சுத்தம். வரலைன்னா கீழே ஏதோ இருக்கு. சிகரெட் பெட்டியோ, பட்டாசோ, சயாம் அரிசி மூட்டையோ. தோண்டணும். நான் இதுல கெட்டிக்காரன். கம்பி போற போக்கை வச்சே மீனா, மூட்டையா, மரமான்னு சொல்லுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்துச்சு.

இப்ப என் வாயைப் பத்தி சொல்லணும். அந்த வருஷம் ஜூன் மாசம் எங்க கப்பலுக்குப் புது லெப்டினன் வந்தார், சுஹைமின்னு பேரு. சின்ன வயசு, கோலாலம்பூர் ஆளு, பயிற்சி முடிச்ச சூடு ஆறல. ஒரு நாள் மேல்தளத்துல என்னைக் கூப்பிட்டு, "பெர்னார்ட், நீதான் இங்க பழைய ஆளு. நாம தேடும்போது எந்த இடத்தைத் தவற விடுறோம்?"னு கேட்டார்.

என்னை அது வரைக்கும் எந்த அதிகாரியும் அப்படிக் கேட்டதில்ல. தோட்டத்துல பொறந்த தமிழன்கிட்ட எவன் வந்து யோசனை கேப்பான்? எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. "துவான், கிடங்குல இறங்குறவன் ஏணிகிட்ட நின்னுக்கிட்டு, எதிர்ப்பக்கம், மூலை, நடுவுன்னு குத்துவான். தான் நிக்கிற இடத்தை, ஏணிக்கு அடியை, எவனும் குத்த மாட்டான். நான் பார்த்த வரைக்கும் ஒருத்தனும் குத்துனதில்ல"ன்னேன். அவர் சிரிச்சார். தோளைத் தட்டினார். அவ்வளவுதான், நானும் அதை மறந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு லீவுல வீட்டுக்குப் போனேன். என் தங்கச்சி ஜெனவீவ் நிறைமாசமா இருந்தா. அதுக்கு முன்னாடி ரெண்டு குழந்தைங்க பொறந்து, ஒண்ணுகூட ஒரு வாரம் தாண்டல. ரெண்டு பேருக்கும் தோட்டத்துக் கல்லறையில குச்சியால கட்டின சிலுவை. இது மூணாவது. புருஷன் பக்கத்துல இல்ல.

அவ புருஷன் அந்தோணிதாஸ் கைக்குழந்தையா இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்தவர். அதனால சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற அடையாள அட்டை. எழுபதுல வேலை பெர்மிட்டு இல்லாதவங்களை எல்லாம் வேலையை விட்டு நிறுத்தினாங்களே, அதுல இவரும் ஒருத்தர். அஞ்சு வருஷம் புல்லு வெட்டி, கல்லு சுமந்து, கடைசியில ஒரு கன்ராக்டர் பேச்சைக் கேட்டு எல்லை தாண்டி சயாம் பக்கம் பால் வெட்டப் போயிட்டார். சிவப்பு ஐசிக்காரன் எழுத்துல அனுமதி இல்லாம வெளியே போனா திரும்பி வர முடியாதுன்னு போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நடந்து வரலாம்னா காட்டுல ஒரு பக்கம் கம்யூனிஸ்ட்டு, ஒரு பக்கம் ஆர்மி. பார்த்ததும் சுடுவான்.

அந்தோணிதாஸ் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்லாட்டி உங்களுக்குப் புரியாது. வாய் ஓயாத மனுஷன். அதோட, வலி தாங்காத மனுஷன். உளி கையில லேசா கீறினா போதும், 'ஐயோ அம்மா, செத்தேன்'னு கத்துற கத்துல நாலு நிரை மரத்துக்கு அந்தப் பக்கம் வெட்டுறவன் ஓடி வருவான். எறும்பு கடிச்சாக்கூட லயத்து வரிசை வீடு அத்தனையும் எட்டிப் பாக்கும். நான் கிண்டல் பண்ணினா, "மச்சான், வலிச்சா கத்தணும், அதுக்குத்தானே கடவுள் வாயைக் குடுத்தாரு. உன்னை மாதிரி மேசைக்கு மேசை பெருமை பேசவா குடுத்தாரு?"ன்னு திருப்பி விடுவார். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜெனி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அண்ணே, இந்தப் புள்ளை பொறக்கும்போது அவரு இங்க இருக்கணும். தனியா இன்னொரு புள்ளையைப் பொதைக்க என்னால ஆகாது. தஞ்சோங் டாவாய்ல பாக் டின்னு ஒரு படகுக்காரர் இருக்காரு. ஏத்திட்டு வர்றேன்னு சொல்லிட்டாரு. உங்க கப்பலுக்குத்தான் பயப்படுறாரு. நீ எதாச்சும் பண்ணுண்ணே."

முடியாதுன்னுதான் முதல்ல சொன்னேன். கத்தினேன்கூட. "என் வேலைக்கு உலை வைக்கிறியா? தெரிஞ்சா என்னை உள்ளே தள்ளுவான்." அவ அந்தோணிதாஸ் எழுதுன கடுதாசியை எடுத்து நீட்டினா. கடைசி வரியில, 'குழந்தைக்கு மச்சான்தான் ஞானத்தகப்பன், பாதர்கிட்ட இப்பவே சொல்லி வை, அந்தப் பெருமைக்காரன் வாய்தான் கோயில்ல பதில் சொல்ல லாயக்கு'ன்னு எழுதியிருந்துச்சு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிடுச்சு.

அப்பதான் சொன்னேன். "எங்க கப்பல் கண்ணுல பட்டதும் கிடங்குல இறங்கட்டும். சாக்கு சுத்திக்கிட்டு, மேல தார்ப்பாய், அதுக்கு மேல ஐஸ். மூக்கை மட்டும் பலகைச் சந்துப் பக்கம் வச்சுக்கணும். ஏணிக்கு அடியில படுக்கச் சொல்லு. அங்க எவனும் குத்த மாட்டான். நானே இறங்குவேன். என் குரல் கேட்டதும் தைரியமா இருக்கட்டும். அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்னு சொல்லு."

"அவரா, அரை மணி நேரமா?"ன்னு ஜெனி சிரிச்சா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ சிரிச்சது அன்னைக்குத்தான்.

கப்பலுக்குத் திரும்பினப்புறம்தான் லெப்டினன்கிட்ட உளறினது ஞாபகம் வந்துச்சு. ஆனா அவர் அதுக்கப்புறம் ரெண்டு மூணு படகுல ஏறியும் ஏணிக்கு அடியைப் பத்தி வாயே திறக்கல. மறந்துட்டார்னு நெனச்சேன். ஜெனிக்குத் தந்தி அடிச்சு இடத்தை மாத்தச் சொல்லலாம்னா, தந்தியில என்னன்னு எழுதுறது? அப்படியே விட்டுட்டேன்.

ஏற்பாடு பண்ணியிருந்த வியாழக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். புலாவ் பாயாருக்கு மேற்கே முன்மூக்குல நீலம் பூசின படகு தெரிஞ்சுது. பாக் டின் படகுதான், முன்னாடியும் அதைச் சோதனை போட்டிருக்கேன். கெம்போங் மீன் ஏத்திக்கிட்டு தெக்கே போயிட்டிருந்துச்சு. லெப்டினன் சோதனைக்குக் கை காட்டினார். நான் யாரும் சொல்றதுக்கு முன்னாடியே கம்பியை எடுத்துக்கிட்டேன்.

ஏறினோம். ஆளுங்க நாலு பேர் முன்பக்கம் உக்காந்திருந்தாங்க. பாக் டின் அறுபது வயசு ஆளு, வெள்ளைத் தொப்பி, வாயில பல்லு பாதி கிடையாது. நான்தான் ஜெனி அண்ணன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. எங்க மருந்துக்காரன் குழந்தைவேலு, ஈப்போ ஆளு, மருந்துப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு கிடங்கு வாய்க்குப் பக்கத்துலயே காவலுக்கு நின்னான். எஞ்சின் அறை, வலைப் பெட்டி, தண்ணி டிரம்னு எல்லாத்தையும் பார்த்துட்டு கடைசியா கிடங்குக்கு வந்தோம். பாக் டின் மூடியைத் தூக்கினார். நான் ஏணியில இறங்கினேன்.

இறங்கினதும் வேணும்னே சத்தமா தமிழ்ல சொன்னேன். "அடச்சே, என்ன குளிருடா சாமி! நான் ஏணியை விட்டு நகர மாட்டேம்ப்பா." மேலே குழந்தைவேலு சிரிச்சான். "தோட்டத்தானுக்கு ஐஸ் ஒத்துக்காது லா"ன்னான். என் காலுக்குக் கீழே மாப்ள கேட்டிருப்பார். என் குரல்னு தெரிஞ்சு மூச்சு விட்டிருப்பார்.

எதிர் மூலையில குத்தினேன். டொக். இன்னொரு மூலை. டொக். நடுவுல மூணு தடவை. டொக், டொக், டொக். எனக்குப் பாதி உசுரு வந்துச்சு. "சுத்தம், துவான்"னு சொல்லிட்டு ஏணியில ஒரு காலை வச்சேன்.

லெப்டினன் இறங்கி வந்துட்டார். ஏணியிலயே பாதியில நின்னுக்கிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சார். பாடம் ஒழுங்கா படிச்ச பையன் வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பெர்னார்ட், நீ நிக்கிற இடம்? நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?"

அவர் காத்துக்கிட்டு இருந்தார். வேற வழி இல்லாம நகர்ந்து நின்னு, பலகைச் சுவரை ஒட்டிக் கம்பியை விட்டேன். டொக். கடவுளேன்னு மனசுக்குள்ள சொன்னேன். "இன்னும் இந்தப் பக்கம்"னு விரலைக் காட்டினார். சரியா ஏணிக்கு நேர் கீழே.

விட்டேன். ரெண்டடி போச்சு, நின்னுச்சு. மரமும் இல்ல, மூட்டையும் இல்ல, மீனும் இல்ல. எனக்குத் தெரியும். கம்பி போற போக்கை வச்சே சொல்லுறவன் நான்.

அந்த இடத்துல என்ன என்ன பண்ணியிருக்கலாம்னு ஒவ்வொண்ணா சொல்றேன், கேளுங்க. 'துவான், இங்க ஆளு இருக்கு'ன்னு சொல்லியிருக்கலாம். மாப்ளையைப் பிடிச்சிருப்பாங்க, ஜெயில்ல போட்டு, பின்னாடி இந்தியாவுக்கு அனுப்பியிருப்பாங்க, ஆனா உசுரோட அனுப்பியிருப்பாங்க. இல்லாட்டி தமிழ்ல, 'மாப்ள, காலை இழுத்துக்கோ'ன்னு முணுமுணுத்திருக்கலாம். லெப்டினனுக்குப் புரியாது. குழந்தைவேலுவுக்குப் புரியும்னு பயந்தேன். அவன் காட்டிக் குடுத்திருப்பானா? மாட்டான். இப்ப சத்தியம் பண்ணிச் சொல்றேன், மாட்டான். அன்னைக்கு எனக்கு யாரையும் நம்பத் தோணல. என் சட்டை, என் சம்பளம், என் பேரு, இதுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. பயம். வேற ஒரு மண்ணும் இல்ல.

"சத்தம் வரலையே"ன்னார் லெப்டினன். சத்தம் வரலைன்னா தோண்டணும். அந்த விதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கம்பியை லேசா உருவி, ஒரு விரக்கடை தள்ளி வச்சு, அழுத்தினேன். மறுபடியும் மெத்துன்னு நின்னுச்சு. அப்ப நான் என் உடம்பு கனத்தை அதுல போட்டேன்.

டொக்.

ஒரு சத்தம் இல்ல. ஐஸ் அசையல. எறும்பு கடிச்சா லயத்தைக் கூட்டுற மனுஷன், ஒரு முனகல் இல்ல. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துச்சு, மாப்ள இங்க இல்லவே இல்ல போல, ஏதோ பெரிய மீனைத்தான் குத்தியிருக்கேன் போலன்னு. மனசு எப்படியெல்லாம் ஏமாத்தும் பாருங்க.

கம்பியை உருவினேன். பாதி நீளத்துக்குச் சிவப்பு.

"ரத்தமா?"ன்னு மலாய்ல கேட்டார்.

"ஈக்கான், துவான்"னேன். மீன்தான், ஐயா.

அவர் தலையாட்டினார். டவுன் பையன், அவருக்கு என்ன தெரியும்? ரெண்டு நாளா ஐஸுல கிடக்கிற மீனைக் குத்தினா அப்படிப் புது ரத்தம் வராது. மீன் பிடிக்கிற எவனுக்கும் அது தெரியும். நான் அண்ணாந்து பார்த்தேன். கிடங்கு வாயில பாக் டின் முகம். கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ ஓதுற மாதிரி அவர் உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ரெண்டடி தள்ளி குழந்தைவேலு, மருந்துப் பையோட. கட்டுத்துணி, ஊசி, எல்லாம் அந்தப் பையிலதான் இருந்துச்சு.

மேலே வந்தேன். கம்பியைக் கடல் தண்ணியில விட்டு அலசினேன். காகிதத்தை எழுதினேன். 'சோதனை போட்டாச்சு, ஒண்ணும் இல்ல.' கையெழுத்துப் போட்டேன். பாக் டின்னும் போட்டார். ரப்பர் படகுல இறங்கும்போது, 'கால்ல பட்டிருக்கும், கால்தான், கரைக்கு ரெண்டு மணி நேரம், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கட்டுப் போட்டுடுவார்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீலப் படகு எஞ்சினைக் கிளப்பிக்கிட்டு வேகமா போச்சு. அந்தப் படகு அவ்வளவு வேகமா போய் நான் பார்த்ததில்ல.

அதுக்கப்புறம் நாலு நாள் கடல்லயே இருந்தோம். ஞாயித்துக்கிழமை லெப்டினன் என்னைக் கூப்பிட்டு, "உன் பேரைப் பதவி உயர்வுக்கு எழுதி அனுப்பியிருக்கேன், பெர்னார்ட். தேடுறதுன்னா உன்னை மாதிரி தேடணும்"னார். நன்றி, துவான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை கரைக்கு வந்ததும் பஸ் பிடிச்சு சுங்கை பட்டாணி, அங்க இருந்து புக்கிட் செலம்பாவ். தோட்டத்துக்கு நடந்தேன். எங்க லயத்து வாசல்ல பந்தல் இன்னும் பிரிக்கல. பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டு ஓடி வந்தா.

"எங்கப்பா போன? தந்தி அடிக்கலாம்னா நீ எந்தக் கடல்ல இருக்கியோன்னு யாருக்குத் தெரியும்? உன் மாப்ள போயிட்டாருப்பா. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் மீன் லாரியில கொண்டாந்து இறக்கினாங்க. ஐஸு குளிர்ல செத்துட்டாருன்னு அந்த மலாய்க்காரர் அழுதாரு. சனிக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம்."

மருதம்மாள் அக்கா என் கையைப் பிடிச்சு உள்ளே கொண்டு போனா.

ஜெனி சுவத்துல சாய்ஞ்சு உக்காந்திருந்தா. வயிறு கனத்துக்கிட்டு, கால் ரெண்டும் வீங்கி, முகம் மட்டும் வத்திப்போய் இருந்துச்சு. மேலே இயேசு படத்துக்கு முன்னாடி மெழுகுவத்தி. அந்தோணிதாஸோட அண்ணன் மோரிஸ் நாற்காலியில, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, எங்கேயோ கிளம்புறாப்ல இருந்தார்.

"வா பெர்னார்ட். நல்ல நேரத்துல வந்த. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன், நீயும் வா. உன் யூனிபார்முக்கு மதிப்பு உண்டு"ன்னார்.

"எதுக்கு?"

"எதுக்கா? அந்தப் படகுக்காரக் கிழவனை உள்ளே தள்ளத்தான். குளிர்ல செத்தானாம்! என் தம்பியை மீன் மாதிரி குத்திக் கொன்னு போட்டிருக்கான், பாவி. டிரெஸ்ஸர் நெஞ்சடைப்புன்னு எழுதிக் குடுத்துட்டாரு, நான் நம்ப மாட்டேன்."

ஜெனி அவரைப் பேச விடல. என்னையே பார்த்துக்கிட்டு மெதுவா சொன்னா. "அண்ணே, நானும் மருதம்மா அக்காவும்தான் குளிப்பாட்டினோம். தொடையில ஓட்டை. என் சுண்டு விரல் போகும். முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. பாக் டின் சாரோங்கைக் கிழிச்சு இறுக்கிக் கட்டியிருக்காரு. வாயில தார்ப்பாய் முனையைக் கடிச்சபடியே இருந்தாரு. எவ்வளவு இழுத்தும் பல்லு விடல. கத்தரி வச்சு வெட்டி, மிச்சத்தை வாயோடவே பொதைச்சோம்."

மோரிஸ் எந்திரிச்சுட்டார். "கிளம்பு பெர்னார்ட்."

நான் அப்பவும் பேசாம இருந்திருக்கலாம். பாக் டின் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டார். குளிர்லதான் செத்தான்னு எனக்காகப் பொய் சொன்ன மனுஷன், போலீஸ் அடிச்சாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அறுபது வயசு ஆளை லாக்கப்புல போட்டு மிதிச்சிருப்பாங்க. நான் யூனிபார்மோட பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும். இதை நெனச்சதும் எனக்கு என் மேலயே அப்படி ஒரு அருவருப்பு வந்துச்சு.

"பாக் டின் இல்ல, நான்தான்"னேன்.

ரெண்டு பேருக்கும் புரியல. மொத்தமும் சொன்னேன். லெப்டினன்கிட்ட பெருமை பேசினது, ஏணிக்கு அடி, கம்பி, டொக் சத்தம், ஈக்கான் துவான், காகிதம், எல்லாத்தையும். பாதியிலயே மோரிஸ் என் கன்னத்துல அறைஞ்சார். இன்னொண்ணும் அறைஞ்சார். மருதம்மாள் அக்கா வந்து அவரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. வெளியே பந்தல் கால்ல தலையை முட்டிக்கிட்டு அவர் அழுற சத்தம் கேட்டுச்சு.

ஜெனி ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"கிடங்குல இறங்குனது நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். இறங்கினதும் சத்தமா பேசினேன். என் குரலைக் கேட்டிருப்பார்."

அவ தலையை ஆட்டினா. எதையோ ரொம்ப நேரமா தேடி, கிடைச்சுட்ட மாதிரி. "அதான் கத்தல"ன்னா. "வேற எவனாச்சும்னா கத்தியிருப்பாரு. உனக்கு வேலை போயிடும்னு கடிச்சுக்கிட்டே கிடந்திருக்காரு."

நான் அவ கால்ல விழுந்தேன். "என்னைத் திட்டு ஜெனி. செருப்பால அடி. சும்மா இருக்காத, தாயே." அவ காலை மெதுவா இழுத்துக்கிட்டா. எந்திரிச்சு, ஒரு கையால இடுப்பைத் தாங்கிக்கிட்டு, படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்த கடுதாசியை எடுத்தா. அந்தோணிதாஸ் எழுதுன அதே கடுதாசி. கடைசி வரியை ஒரு தடவை படிச்சா. மடிச்சு மறுபடியும் அங்கேயே வச்சா.

"அண்ணே, ஞானஸ்நானத்துக்கு நீ வராத. பாதர் கேள்வி கேக்கும்போது என் புள்ளைக்காக யாராச்சும் வாயைத் திறந்து பதில் சொல்லணும். அது உன் வாயா இருக்க வேணாம்."

குரலை உசத்தக்கூட இல்ல. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் கப்பலுக்குப் போய் லெப்டினன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சட்டையைக் கழட்டினாங்க, ஒண்ணரை வருஷம் உள்ளே இருந்தேன். பாக் டின்னை ரெண்டு நாள் வச்சு விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க. அதெல்லாம் எனக்கு ஒரு தண்டனையாவே தெரியல.

குழந்தை பொழச்சுடுச்சு. ஆம்பளைப் பையன். மோரிஸ்தான் ஞானத்தகப்பன். வழக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி ஜாமீன்ல இருந்தேன், ஞானஸ்நானம் நடந்த ஞாயித்துக்கிழமை சுங்கை பட்டாணிக் கோயிலுக்குப் போயிருந்தேன். உள்ளே போகல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில நின்னேன். கோயில் ஜன்னல் திறந்திருந்துச்சு. 'சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?'ன்னு பாதர் கேட்டார். 'விட்டுவிடுகிறேன்'னு மோரிஸ் சொன்னார். தலையில தண்ணி பட்டதும் பையன் வீறிட்டுக் கத்தினான், அப்படி ஒரு கத்து, ரோட்டுல போற சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். அவங்கப்பன் குரல் அப்படியே இருந்துச்சு.